நாய் விற்க ஓர் அணி: ஊராங் இந்தியன்ஸ்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு நாய் வியாபாரி தன் நாய்களுக்கு விளம்பரம் தேடுவதற்காகவே என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் ஓர் அணி நடத்தினார், அதில் செவ்விந்தியர்கள் மட்டும்தான் ஆடினார்கள், இரண்டே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு துணுக்குச் செய்தி சுற்றுகிறதே, அது நிஜமா? நிஜம் என்றால் அந்த ஆட்டக்காரர்கள் யார், உண்மையிலேயே ஆடத் தெரிந்தவர்களா, இல்லை வேடிக்கைக்கு நிறுத்தப்பட்டவர்களா?

நிஜம்தான். அணியின் பெயர் ஊராங் இந்தியன்ஸ். 1922, 1923 என்று இரண்டு சீசன், மொத்தம் 20 லீக் ஆட்டம், நான்கில் வெற்றி, பதினாறில் தோல்வி. துணுக்கில் வருவது கிட்டத்தட்ட எல்லாமே சரி, ஆனால் அதைப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: நாய் விளம்பரத்துக்காக வைத்த அணி, அது எப்படி உருப்படும் என்று. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்து என்எஃப்எல்லில் விளம்பரத்துக்காகப் பிறந்த அணிகள் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊராங் விழுந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு, அதற்கு வருகிறேன். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். (ஃபுட்பால் என்று நான் எழுதுவதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்.)

ஆள் பெயர் வால்டர் லிங்கோ. ஓஹையோ மாநிலத்தில் லாரூ என்ற சின்ன ஊர், மக்கள் தொகை ஆயிரம்கூட இல்லை. அங்கே ஊராங் கென்னல்ஸ் என்று நாய்ப்பண்ணை வைத்திருந்தார். விற்றது ஏர்டேல் டெரியர் என்ற ஒரே இனம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஏர் நதிப் பள்ளத்தாக்கில் உருவான இனம் அது, டெரியர்களிலேயே பெரியது, கம்பி மாதிரி விறைப்பான முடி, வேட்டைக்கும் காவலுக்கும் ஆகும், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை தகவல் கொண்டுபோகவும் காயம்பட்டவர்களைத் தேடவும் பயன்படுத்தியது. லிங்கோ இதில் தனக்கென ஒரு வம்சத்தை வளர்த்து, அதற்கு ஊராங் என்று பெயர் வைத்து, பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு, தபால் மூலம் ஆர்டர் வாங்கி ரயிலில் நாய் அனுப்பினார். ஒரு நாய் 150 டாலர். 1920-களில் அது சின்னக் காசு இல்லை. வியாபாரத்தில் மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம்.

அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று நாய், இன்னொன்று பூர்வகுடிகள். லாரூ பக்கம் முன்பு வயண்டாட் மக்கள் வாழ்ந்த இடம், சிறு வயதிலிருந்தே அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். பூர்வகுடிகளுக்கும் விலங்குகளுக்கும் இடையில் வெள்ளைக்காரனுக்குப் புரியாத ஏதோ ஒரு பந்தம் இருக்கிறது என்று நிஜமாகவே நம்பினார். இப்படி நம்புகிறவர்கள் மரியாதையோடுதான் பேசுவார்கள், ஆனால் அந்த மரியாதையே எதிரில் நிற்பவரை மனிதராகப் பார்க்க விடாது. அது கொஞ்சம் கழித்து.

ஜிம் தோர்ப் இந்தக் கதைக்குள் வருவது வேட்டை வழியாக. தோர்ப் யார் என்று தெரியாதவர்களுக்கு: ஓக்லஹோமாவில் பிறந்த சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்துக்காரர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். அதற்கு முன்னால் வட கரோலினாவில் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913-இல் இரண்டு பதக்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு பேஸ்பால், கேன்டன் புல்டாக்ஸுக்கு ஃபுட்பால், 1920-இல் லீக் ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவரே அவர்தான். நிர்வாகம் தெரியும் என்றா தலைவராக்கினார்கள்? அவர் பெயர் பத்திரிகையில் வரும், அவ்வளவுதான். பெரிய பதவி, கூட்டம் சேர்க்கும் பெயர், நிரந்தர வருமானம் மட்டும் கிடையாது. தோர்ப்பின் வாழ்க்கை முழுக்க இப்படியே போனது.

தோர்ப்புக்கும் வேட்டை நாய் என்றால் உயிர். லிங்கோவுக்கும் அவருக்கும் நட்பு எப்படி இறுகியது என்பதற்கு ஒரு கதை உண்டு. அக்கம்பக்கத்து விவசாயிகள் லிங்கோவின் நாய்கள் எங்கள் ஆடுகளைக் கொல்கின்றன என்று கொடி பிடித்தபோது, தோர்ப் முன்னால் வந்து, முரட்டுக் காளையிடமிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்றிய ஊராங் நாயை எனக்குத் தெரியும் என்று சொன்னாராம். அந்தக் காளையையும் பெண்ணையும் எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். லிங்கோவின் விளம்பரங்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதையும் விளம்பரம் போலவேதான் இருக்கிறது.

இருவரும் தோர்ப்பின் பழைய தோழர் பீட் கலாக்கும் சேர்ந்து வேட்டைக்குப் போய் உட்கார்ந்து பேசியதில் அணி யோசனை பிறந்தது என்பார்கள். முழுக்கப் பூர்வகுடிகள் கொண்ட அணி, ஊர் ஊராகப் போக வேண்டும், போகிற இடத்திலெல்லாம் நாய்களைக் காட்ட வேண்டும். லீக்கில் சேர அப்போது கட்டணம் 100 டாலர். லிங்கோவின் ஒரு நாய் விலையைவிடக் குறைவு! 1922 ஜூனில்தான் அந்த லீக் என்எஃப்எல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று அந்த லீக்கில் ஓர் அணியை வாங்கப் பல நூறு கோடி டாலர் வேண்டும்.

லாரூவில் ஆட மைதானம் கிடையாது. மைதானம் இருந்தாலும் ஆயிரம் பேர் இல்லாத ஊரில் டிக்கெட் விற்று என்ன வரும்? அதனால் சொந்த ஊர் ஆட்டம் என்பது பக்கத்து நகரமான மேரியனில்தான், அதுவும் பெயருக்கு. மற்றபடி எல்லாம் வெளியூர். மேரியன் அப்போதைய ஜனாதிபதி வாரன் ஹார்டிங்கின் ஊர் என்பதையும், ஹார்டிங் வெள்ளை மாளிகையில் வளர்த்த லாடி பாய் என்ற நாயும் ஓர் ஏர்டேல் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். லாடி பாய் வந்தது டொலீடோவில் இருந்த வேறொரு பண்ணையிலிருந்து, லிங்கோவுக்கு அதில் பங்கில்லை, ஆனாலும் ஏர்டேல் என்ற பெயர் அந்த வருடங்களில் நாடு முழுக்க எப்படி அடிபட்டது என்பது புரியும்.

சரி, ஆட்டத்துக்கு நடுவில் என்ன நடந்தது? துணுக்குகள் பாதியை விழுங்கிவிடுகிற பகுதி இதுதான். ஹாஃப்டைம் என்ற இடைவேளையில் மற்ற அணி உள்ளே போய் இளைப்பாறும், ஊராங் ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே இருப்பார்கள். துப்பாக்கி சுடுவார்கள், விழுந்ததை நாய்கள் கவ்விக்கொண்டு வரும். கத்தியும் டோமஹாக் கோடரியும் எறிவார்கள், கயிறு வீசுவார்கள், இறகுக் கிரீடம் கட்டி ஆடுவார்கள். நாய்கள் கரடியை மோப்பம் பிடித்து மரத்தில் ஏற்றும். நிக் லாஸா என்ற ஆட்டக்காரர் கரடியோடு மல்யுத்தம் செய்வார். முதல் உலகப் போர்க் காட்சி ஒன்றும் உண்டு: பூர்வகுடி ஒற்றர்கள் ஜெர்மானியர்களோடு மோதுவார்கள், காயம்பட்டவர்களுக்கு ஏர்டேல்கள் செஞ்சிலுவை நாய்களாக உதவிக்கு ஓடும். தோர்ப் மைதானத்தின் நடுவில் நின்று ஒரு பக்கத்துக் கோல்கம்பத்துக்கு உதைத்துவிட்டுத் திரும்பி மறுபக்கத்துக்கும் உதைத்துக் காட்டுவார். அமெரிக்க ஃபுட்பாலில் இன்று கோடிக்கணக்கான பேர் பார்க்கிற ஹாஃப்டைம் நிகழ்ச்சிகளின் தொடக்கம் இவர்கள்தான் என்று பலர் எழுதுவார்கள், கல்லூரி ஆட்டங்களில் பேண்டு வாத்தியம் அதற்கு முன்பே இருந்தது என்றாலும், தொழில்முறை ஆட்டத்தில் இவ்வளவு பெரிய காட்சியை வேறு யாரும் வைத்ததில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் தாக்குதலுக்கு ஓர் ஆள், தடுப்புக்கு ஓர் ஆள் என்று பிரித்து இறக்குகிற வழக்கம் இல்லை. இறங்கியவர்களே இரண்டு பக்கமும் ஆட வேண்டும், மாற்று ஆட்களும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். முதல் பாதி முழுக்க இடி வாங்கிய உடம்போடு, ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இறகு கட்டி ஆடிவிட்டு அல்லது கரடியோடு உருண்டுவிட்டு, மறுபடி இரண்டாம் பாதிக்கு இறங்க வேண்டும். எதிரணி அதுவரை உள்ளே உட்கார்ந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கும். வாரநாட்களிலும் பயிற்சி என்பது ஃபுட்பால் பயிற்சி மட்டுமல்ல, நாய்களைப் பழக்குகிற வேலையும் அவர்களுக்கு உண்டு. தோர்ப்பின் ஒப்பந்தமே பயிற்சியாளர், ஆட்டக்காரர், நாய்ப்பண்ணைக்கும் உதவி என்று மூன்றையும் சேர்த்துத்தான். வாரம் 500 டாலர் என்று சொல்வார்கள், நல்ல சம்பளம்.

இனி ஆட்டக்காரர்கள். வேடிக்கைக்கு நிறுத்தப்பட்டவர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சிலர் அசல் மேதைகள், பலர் சுமார், சிலருக்கு வயது போய்விட்டது.

என் கணக்கில் அணியின் சிறந்த ஆட்டக்காரர் தோர்ப் இல்லை, ஜோ கையான். ஓஜிப்வே இனம், மினசோட்டாவின் ஒயிட் எர்த் ஒதுக்கிடத்தில் (பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய பகுதி) பிறந்தவர். கார்லைல் என்ற பூர்வகுடிப் பள்ளியில் தோர்ப்போடு ஆடினார், பிறகு ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஜான் ஹைஸ்மன் பயிற்சியின் கீழ் 1917-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் தேசிய சாம்பியன் ஆன அணியில் இருந்தார். ஓடுவார், எறிவார், உதைப்பார், எல்லாவற்றுக்கும் மேல் இடிப்பார். சிகாகோ பேர்ஸ் அணியின் ஜார்ஜ் ஹாலஸ் ஒருமுறை பின்னாலிருந்து வந்து இவரைச் சாய்க்கப் பார்த்தபோது, கடைசி நொடியில் திரும்பி முழங்காலால் ஒன்று வைத்ததில் ஹாலஸின் விலா எலும்பு போயிற்று, ஒரு செவ்விந்தியனிடம் சத்தமில்லாமல் பின்னால் வரலாம் என்று நினைத்தாயா என்று கையான் கேட்டார் என்று ஒரு கதை. வார்த்தைகள் காலப்போக்கில் மெருகேறியிருக்கும், ஆனால் கையானோடு ஆடியவர்கள் அவரைப் பற்றிச் சொன்ன எல்லாக் கதையிலும் யாராவது ஒருவருக்கு எலும்பு உடைந்துகொண்டேதான் இருக்கும்.

பீட் கலாக் கலிஃபோர்னியாவின் ரின்கான் பகுதியிலிருந்து வந்த லுயிசேன்யோ இனத்துக்காரர், கார்லைல்தான், முதல் உலகப் போருக்கும் போய்வந்தவர். ஃபுல்பேக். அலட்டல் இல்லாத, தலையைக் குனிந்துகொண்டு நேராக முட்டுகிற ஆட்டம். தோர்ப் எந்த அணிக்குப் போனாலும் பின்னாலேயே போவார். இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

கரடி மல்யுத்த லாஸா மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் இனம். அணியில் அவருக்குப் பெயர் லாங் டைம் ஸ்லீப், காலையில் அவரை எழுப்புவதற்குள் மற்றவர்களுக்குத் தாவு தீர்ந்துவிடுமாம், அதனால் அந்தப் பெயர். டெட் செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் படித்தவர், விஸ்கான்சினில் வழக்கறிஞராக இருந்தார். லியோன் பௌட்வெல் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்துகிறவர்), ஓஜிப்வே, படித்தவர், நக்கல் பிடித்தவர். இவர்களோடு ஈகிள் ஃபெதர், பிக் பேர், வார் ஈகிள், ரெட் ஃபாக்ஸ், டோமஹாக் என்றெல்லாம் ஆட்டக்காரர் பட்டியலில் பெயர்கள் வரும். இதில் சில சொந்தப் பெயர், சில டிக்கெட் விற்க லிங்கோவுக்குப் பிடித்த மாதிரி வைத்த பெயர். அணியில் கையொப்பம் போட ஒரே நிபந்தனை பூர்வகுடி இரத்தம் இருக்க வேண்டும் என்பதுதான்.

அந்த நிபந்தனைதான் அணியின் கழுத்தில் விழுந்த கயிறு என்பது என் கருத்து. பூர்வகுடிகளால் ஆட முடியாது என்பதால் அல்ல, தலைகீழாக. 1911-இல் ஹார்வர்டை 18-15 என்றும், 1912-இல் ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்றும் அடித்த பள்ளி கார்லைல், அந்த ராணுவ அணியில் பின்னாளைய ஜனாதிபதி ஐசன்ஹோவரும் ஆடினார். ஆனால் கார்லைல் பென்சில்வேனியாவில் அரசு நடத்திய உறைவிடப் பள்ளி. பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழியைப் பேச விடாமல், வெள்ளைக்காரன் மாதிரி ஆக்குவதற்கென்று 1879-இல் ஆரம்பித்தது, 1918-இல் மூடப்பட்டது. அதாவது லிங்கோ அணி சேர்க்கும்போது கார்லைலிலிருந்து புதிதாக ஆள் வருகிற வழி அடைபட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது. அதே மாதிரி இன்னொரு பூர்வகுடிப் பள்ளியான ஹாஸ்கெல்லிலிருந்து சிலர் வந்தார்கள், மற்றபடி தோர்ப் தன் பழைய தோழர்களுக்குக் கடிதம் போட்டும் சொல்லி அனுப்பியும் கூட்டிவந்த அணி இது. சிலர் ஃபுட்பாலைத் தொட்டே வருடக்கணக்காகிவிட்டது, சிலர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். தோர்ப்புக்கே முப்பத்தைந்து, முதல் சீசனில் முக்கால்வாசி நேரம் ஓரத்தில்தான் இருந்தார், கூட்டம் அவரைக் கேட்டுக் கத்தும்போது இறங்குவார்.

முடி வெட்டி, இறகைப் பிடுங்கி வளர்த்த பள்ளியில் படித்தவர்களுக்கு மறுபடி இறகு மாட்டி, கோடரி கொடுத்து, காசு வாங்கிக் காட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்காவில் பிறந்த பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்த சட்டம் வந்தது 1924 ஜூனில், ஊராங் கலைந்த பிறகு. தனித்தனியாக நிலம் ஒதுக்கப்பட்டவர்கள், போருக்குப் போனவர்கள் என்று பலருக்கு அதற்கு முன்பே குடியுரிமை கிடைத்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் இல்லை.

களத்துக்குப் போவோம். 1922-இல் மூன்று வெற்றி, ஆறு தோல்வி. மேரியனில் கொலம்பஸ் பான்ஹேண்டில்ஸை 20-6 என்று வென்றார்கள், பிறகு அதே அணியை இன்னொரு முறையும் வென்றார்கள். ஆனால் பான்ஹேண்டில்ஸ் அந்த வருடம் ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். உருப்படியான வெற்றி என்றால் பஃபலோவில் 19-7 என்று வந்ததுதான், அது நல்ல அணி. இன்னொரு பக்கம் அக்ரானிடம் 62-0 என்று உதை. 1923 இன்னும் மோசம்: ஒன்று வெற்றி, பத்து தோல்வி, முந்தைய வருடம் ஜெயித்த அதே பஃபலோவிடம் 57-0. அந்த ஒரே வெற்றியும் லூயிவில் பிரெக்ஸ் என்ற, தானே எதையும் ஜெயிக்காத அணியிடம்.

அந்த வருடத்து ஆட்டம் ஒன்று மட்டும் சாதனைப் பட்டியலில் நின்றுவிட்டது. 1923 நவம்பர் 4, சிகாகோ. மழை பெய்து மைதானம் சேறு. ஊராங் அணி பேர்ஸின் கோல்கோட்டுக்கு ஓரிரண்டு கெஜம் வரை வந்துவிட்டது, பந்து தோர்ப் கையில், இன்னும் ஒரு முட்டு முட்டிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன். முட்டினார், அந்தப் பக்கமிருந்தும் இடித்தார்கள், ஈரப் பந்து நழுவியது. அதைப் பொறுக்கியது பேர்ஸின் முதலாளியும் பயிற்சியாளரும் ஆட்டக்காரருமான அதே ஹாலஸ். ஓட ஆரம்பித்தார். பின்னால் தோர்ப் துரத்துகிறார். முப்பத்தைந்தைத் தாண்டியவர், ஆனாலும் ஒலிம்பிக் ஓட்டக்காரர், நேராக ஓடினால் பிடித்துவிடுவார் என்று ஹாலஸ் வளைந்து வளைந்து ஓடினார் என்பார்கள். 98 கெஜம், டச்டவுன். நழுவிய பந்தை எடுத்து ஓடியதில் இந்த நீளத்தை 1972 வரை யாரும் தாண்டவில்லை. ஆட்டம் 26-0. அதாவது தோர்ப்பின் கடைசிக் காலத்தை நினைவுபடுத்துகிற பெரிய சாதனை அவரைத் தாண்டி ஓடிய இன்னொருவர் பெயரில் இருக்கிறது.

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறேன். கம்பெனி விளம்பரத்துக்காக அணி என்பது அப்போது கேவலமே இல்லை. அந்த ஹாலஸின் பேர்ஸ், இலினாய் மாநிலத்தின் டெகேட்டரில் ஸ்டேலி என்ற ஸ்டார்ச் கம்பெனியின் அணியாகத்தான் பிறந்தது. கிரீன் பே பேக்கர்ஸுக்கு முதலில் சட்டைக்குப் பணம் கொடுத்தது ஒரு இறைச்சி பேக்கிங் கம்பெனி, பெயரில் இன்னும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பான்ஹேண்டில்ஸ் ரயில்வே தொழிலாளர்கள் அணி, ரயில் பாஸில் ஓசியில் ஊர் ஊராகப் போய் வெளியூர் ஆட்டமே ஆடிப் பல வருடம் காலம் தள்ளினார்கள். ஆக, விளம்பரமும் தப்பில்லை, வெளியூர் அணியாக இருப்பதும் தப்பில்லை. பேர்ஸ் என்ன செய்தது? ஸ்டார்ச் கம்பெனி கைவிட்டதும் சிகாகோ போய், அங்கே டிக்கெட் வாங்கக் கூட்டம் இருந்தது, அதை வைத்துப் பிழைத்தது. கிரீன் பே சின்ன ஊர்தான், ஆனால் ஊரே அணியைத் தன்னுடையதாக நினைத்தது, பங்கு விற்றுக் காப்பாற்றியது. லாரூவில் அப்படி ஒன்றும் இல்லை. ஊராங்குக்குச் சொந்தக் கூட்டம் கிடையாது, போகிற ஊரில் ஒருமுறை வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம்தான். முதல் வருடம் தோர்ப்பையும் கரடியையும் பார்க்க வந்தவன் இரண்டாம் வருடம் ஏன் வர வேண்டும்? அதே கரடி, அதே நடனம், ஆட்டத்தில் 57-0. லிங்கோவுக்கு ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, தோற்றாலும் நாய்க்கு ஆர்டர் வந்தால் போதும். கூட்டம் குறைந்ததும் செலவு கணக்கில் நின்றது, 1923 சீசன் முடிந்ததும் விட்டுவிட்டார். நல்ல வியாபாரி செய்கிற காரியம்தான் அது.

குடிக் கதைகளைப் பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் இந்த அணியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதில் இறங்காமல் விடுவதில்லை. சிகாகோவில் ஒரு மதுக்கடைக்காரன் நேரமாகிவிட்டது, இனி ஊற்ற முடியாது என்றதும் அவனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் தள்ளி, கூண்டைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத் தாங்களே ஊற்றிக்கொண்டார்கள் என்று ஒன்று. செயின்ட் லூயிஸில் ஏற வேண்டிய டிராம் எதிர்த்திசையில் நிற்க, எல்லோருமாகச் சேர்ந்து அதைத் தூக்கித் திருப்பி வைத்து, ஏறி உட்கார்ந்து ஹோட்டலுக்குப் போகச் சொன்னார்கள் என்று இன்னொன்று. அந்த இரண்டு வருடமும் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. கள்ளத்தனமாகக் கடை நடந்தது நிஜம், நேரமாகிவிட்டது என்று கண்டிப்பாகச் சொல்கிற கள்ளக்கடைக்காரனை மட்டும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. டிராம் எடை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பௌட்வெல் பின்னாளில் சொன்னது இந்தக் கதைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது: வெள்ளைக்காரர்கள் எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்தார்கள், எங்களில் பெரும்பாலோர் கல்லூரி வரை படித்தவர்கள், அவர்களைவிட நாகரிகமானவர்கள், ஆனால் அந்த நினைப்பு எங்களுக்கு வசதியாகப் போயிற்று, அவர்கள் செய்தால் மாட்டிக்கொள்கிற சேட்டையை நாங்கள் செய்துவிட்டுத் தப்பித்தோம், அதைப் பயன்படுத்தாமல் விடவில்லை என்கிற தொனியில் சொன்னார். லிங்கோ இவர்களைக் காட்டிக் காசு பார்த்தார், இவர்கள் அந்தப் பார்வையைக் காட்டி ஊர் சுற்றிச் சம்பளம் வாங்கினார்கள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தராசு வைத்துச் சொல்ல நான் வரவில்லை. சம்பளம் நல்ல சம்பளம், வேறு இடத்தில் அவர்களில் பாதிப் பேருக்கு அதுகூடக் கிடைத்திருக்காது.

அப்புறம் என்ன ஆனார்கள்? தோர்ப்பும் கையானும் 1924-இல் ராக் ஐலண்ட் அணிக்குப் போனார்கள். கையான் 1927-இல் நியூயார்க் ஜயன்ட்ஸோடு (பேஸ்பால் அணி இல்லை, அதே பெயரில் இருந்த ஃபுட்பால் அணி) என்எஃப்எல் சாம்பியன், அதற்குள் அவருக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது, அப்போதும் யாரும் அவர்மேல் மோத ஆசைப்படவில்லை. கலாக் இன்னும் சில வருடம் ஆடிவிட்டு ஓஹையோவின் கேன்டனில் போலீஸ் வேலைக்குப் போனார், நீண்ட காலம் அதில் இருந்தார். பௌட்வெல் ஓஹையோவிலேயே தங்கி ஒரு சிற்றூரில் பத்திரிகை நடத்தினார். லாஸா அணி கலைந்த பிறகும் லாரூவிலேயே கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, மல்யுத்தமும் போட்டுக்கொண்டு சில வருடம் இருந்துவிட்டு மொன்டானா திரும்பினார். தோர்ப்புக்கு ஆட்டம் நின்ற பிறகு கஷ்டம்தான், ஹாலிவுட்டில் சில்லறை வேஷம், கூலி வேலை, 1953-இல் கலிஃபோர்னியாவில் இறந்தார். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1950-இல், அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பில் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒலிம்பிக் வெற்றியை 1982-இல் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள், தனி வெற்றியாளர் என்று ஒத்துக்கொண்டது 2022-இல். லிங்கோவின் பண்ணையை 1929-க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சி கவிழ்த்தது. சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் 150 டாலர் நாயை யார் வாங்குவார்கள்? அவர் 1966-இல் இறந்தார், லாரூவில்தான் வாழ்ந்தார்.

கடைசியாக, இதை நிஜமான என்எஃப்எல் அணியாகக் கணக்கில் எடுக்கிறார்களா என்றால், ஆமாம். 1922, 1923 இரண்டு வருடத்து அதிகாரபூர்வ லீக் பட்டியலிலும் ஊராங் இருக்கிறது, என்எஃப்எல் அணி வைத்திருந்ததிலேயே மிகச் சிறிய ஊர் என்ற இடமும் லாரூவுக்குத்தான். புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் தோர்ப் 1963-இல் முதல் வகுப்பிலேயே சேர்க்கப்பட்டார், கையான் 1966-இல். இருவருடைய பெயருக்கும் கீழே ஆடிய அணிகள் என்று வருகிற வரிசையில் ஊராங் இந்தியன்ஸையும் பார்க்கலாம்.